பூச்சு வேலைக் கணக்கில் கனத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வீடு, மனைப் பகுதியில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. ஆனால் உட்புறச் சுவர்ப் பூச்சுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு தொகையைக் கொடுத்து, அறையின் சுவர்ப் பரப்பை அதனால் பெருக்கிக்கொண்டால் செலவு தெரிந்துவிடும் என்று அதில் எழுதியிருப்பது வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதே பெருக்கலை நம்பிக் கடந்த மாசி மாதம் வேலையைத் தொடங்கிய ஒருவன் என்பதால், எனக்கு நேர்ந்ததையும் அதன் பிறகு நான் புரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஓர் அறையை மட்டும் சரிசெய்ய நினைக்கும் குடும்பங்களுக்காவது இது உதவும்.

எங்கள் வீடு 1984-இல் கட்டியது. பின்கட்டில் உள்ள அறையின் உட்புற அளவு 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. குளியலறையை ஒட்டிய சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, விரல் பட்டால் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. மற்ற மூன்று சுவர்களைக் கரணையின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்த கொத்தனார், பாதிக்கு மேல் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்து உள்ளே கூடு விட்டிருப்பதாகச் சொன்னார். ஆகவே நான்கு சுவரையும் புதிதாகப் பூசுவதென்றும், தலைக்கு மேலுள்ள தளத்தின் பூச்சு நன்றாக இருப்பதால் அதைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். பொருளும் கூலியும் சேர்த்து அறைக்கு 14,000 ரூபாய் என்று பேசினோம். வேலை முடிந்தபோது நான் கொடுத்திருந்த தொகை 29,600 ரூபாய்.

இதைச் சொன்னவுடன் கேட்பவர்கள் எல்லாரும் கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்றுதான் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. அந்தப் பழி அவர்மீது விழக்கூடாது என்பதும் இக்கடிதத்தை எழுதுவதற்கு ஒரு காரணம். வேலை முடிந்த பிறகு அவரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து தொகையைப் பிரித்துப் பார்த்தோம். அவர் முதலில் சொன்ன 14,000 ரூபாயில் கொத்தனாருக்கு 1,100, சித்தாளுக்கு 800 என்ற எங்கள் ஊர்க் கூலிப்படி நான்கு நாளைக்கு 7,600 ரூபாய். சிமெண்ட் நான்கு மூட்டைக்கு 1,480 ரூபாய். பூச்சு மணல் கால் யூனிட்டுக்கு, அதாவது 25 கன அடிக்கு, வண்டி வாடகையோடு 2,600 ரூபாய். சாரம், கோழிவலை, ஆணி, அவருடைய மேற்பார்வை ஆகியவற்றுக்கு மீதி 2,320 ரூபாய். ஒரு பைசாகூட மிகையில்லாத கணக்கு. ஆனால் அது செங்கல் தெரிய நிற்கும் புதுச் சுவரில், 12 மில்லிமீட்டர் கனத்தில் பூசுவதற்கான கணக்கு. என்னிடம் இருந்ததோ நாற்பது ஆண்டுப் பழைய சுவர். இந்த வேறுபாட்டை அவர் எனக்கு விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மனத்தில் ஒரு சுவரும் என் மனத்தில் இன்னொரு சுவரும் இருக்க, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகையைப் பேசி முடித்துவிட்டோம்.

கூடுதலாகப் போன 15,600 ரூபாயின் விவரம் இது. பழைய பூச்சைக் கொத்தி எடுக்க இரண்டு பேர் இரண்டு நாள் வேலை செய்தார்கள், கூலி 3,200. கொத்தி எடுத்த ரப்பிஷை அப்புறப்படுத்தச் சிறு வண்டி இரண்டு நடை போனதற்கு 2,400. மூன்று மூட்டை சிமெண்ட் அதிகமாக வாங்கியதற்கு 1,110. மறுபடியும் கால் யூனிட் மணலுக்கு வாடகையோடு 2,600. ஒரே பூச்சாக முடியாமல் இரண்டு பூச்சாகப் போட்டதால் கூடிய இரண்டு நாள் கூலி 3,800. சுவருக்குள் இருந்த பழைய மின்குழாய் துருப்பிடித்துப் போயிருந்ததால் புதிதாகக் காடி வெட்டிக் குழாயும் பெட்டியும் வைத்ததற்கு 2,490. இவற்றில் முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாதது என்று எதுவும் இல்லை. அது மட்டுமல்ல, ஒவ்வொன்றையும் அளந்தே சொல்லியிருக்கலாம்.

எப்படி அளப்பது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அறையின் சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி; ஆக 440 சதுர அடி. இதில் 7 அடிக்கு 3 அடி கதவு ஒன்றும், 4 அடிக்கு 3 அடி ஜன்னல் இரண்டும் போனால் 45 சதுர அடி கழியும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். கதவு, ஜன்னல் நிலைகளின் பக்கவாட்டில் சுவரின் உள்கனம் தெரிகிறதல்லவா, அதையும் பூசியாக வேண்டும்; அந்த விளிம்புகளை நேராக எடுப்பதற்குத்தான் கொத்தனாருக்கு நேரம் அதிகம் பிடிக்கும். ஐந்து அங்குல ஆழம் என்று வைத்தால் என் அறையில் அது 19 சதுர அடி. ஆக நிகரப் பரப்பு 414 சதுர அடி. பரண், சுவர் அலமாரி இருந்தால் அவற்றின் அடிப்பக்கம், உள்பக்கம் எல்லாவற்றையும் தனியே அளக்க வேண்டும். அளவுநாடாவும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

இனிக் கனம். தங்கள் கட்டுரையில் முழுவதுமாக விடுபட்டிருப்பது இதுதான். பூச்சு என்பது பரப்பு மட்டுமன்று, அதற்கு ஆழமும் உண்டு. சமமான செங்கல் சுவரின் நல்ல முகத்தில் 12 மில்லிமீட்டர், கரடான முகத்தில் 15 மில்லிமீட்டர் என்பது பொதுப்பணி வேலைகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். 100 சதுர அடியில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனம் கூடினால் ஏறக்குறைய 9 லிட்டர் கலவை அதிகம் வேண்டும். 12 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஐந்து பங்கு மணல், அதாவது ஒன்றுக்கு ஐந்து என்ற கலவையில், இணைப்பு இடுக்குகளில் இறங்குவதையும் சேர்த்து 100 சதுர அடிக்குச் சுமார் 42 கிலோ சிமெண்ட்டும் 5 கன அடிக்குச் சற்று மேல் மணலும் போகும். என் 414 சதுர அடிக்கு அது மூன்றரை மூட்டை. ஆனால் பழைய பூச்சை எடுத்த பிறகு தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தபோது, வடக்குச் சுவர் மேலிருந்து கீழே வருவதற்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தது. சராசரி 20 மில்லிமீட்டர் பூசாமல் சுவர் மட்டத்துக்கு வராது என்ற நிலையில், அதே பரப்புக்கு ஏறக்குறைய ஆறு மூட்டை தேவைப்பட்டது; சிந்தியது, உதிர்ந்தது எல்லாம் சேர்ந்து ஏழு ஆனது. அந்தக் கனத்தை ஒரே முறையில் அப்பினால் தன் பாரத்தாலேயே சரிந்து இறங்கும். அதனால்தான் முதல் பூச்சைப் போட்டு, கீறிவிட்டு, இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு. அதனால்தான் கூடுதல் இரண்டு நாள்.

சுவரின் சாய்வை அறிய வேலை தொடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலே ஓர் ஆணியை அடித்து அதிலிருந்து குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் இடையே மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் இடைவெளியை அளந்தால் போதும். ஒவ்வொரு சுவரிலும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பூச்சை உளியால் எடுத்துப் பார்த்தால், அது எத்தனை கனம், அடியில் இருப்பது செங்கல்லா, காடி அடைத்த இடமா, எந்தக் காரையால் கட்டியது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் வடக்குச் சுவரில் பழைய பூச்சே ஏறத்தாழ முக்கால் அங்குலக் கனம் இருந்தது. அதை முன்பே பார்த்திருந்தால் 12 மில்லிமீட்டர் கணக்கை இருவருமே நம்பியிருக்க மாட்டோம்.

ரப்பிஷைப் பற்றி யாருமே பேசுவதில்லை. 414 சதுர அடியில் முக்கால் அங்குலக் கனத்துக்குப் பூச்சைக் கொத்தினால் அதன் எடை ஏறத்தாழ 1,400 கிலோ வரும். காலிச் சிமெண்ட் சாக்குகளில், ஓர் ஆள் தூக்கும் அளவாகச் சுமார் 30 கிலோ வீதம் கட்டினோம், 46 மூட்டை. அவ்வளவும் அந்தச் சிறிய அறைச் சுவரிலிருந்து வந்தது என்றால் நம்ப முடியாது. முற்றத்தில் அடுக்கியபோது துணி துவைக்கும் கல்லை மறைத்து நின்றது. கொத்திய இரண்டு நாளும் அந்த ஆட்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள். முதல் நாள் மாலையில் அவர்களுடைய கண் இமைகூட வெளுத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் முகமூடியும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். சில நூறு ரூபாய்ச் செலவு. முதல் நாளே அது என் கணக்கில் இல்லாமல் போனதை நினைத்து இப்போதும் வருந்துகிறேன்.

இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, சுவர் ஏன் நனைகிறது என்பது. குளியலறைக் குழாய்க் கசிவை அடைக்காமல், அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்காமல் எவ்வளவு நல்ல பூச்சுப் போட்டாலும் உப்பு மறுபடி பூக்கும். இரண்டடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் பின்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். எங்கள் வீட்டில் பின்பக்கம்தான் நனைந்திருந்தது. குளியலறைக் குழாயைச் சரிசெய்து, சுவர் உலர மூன்று வாரம் விட்ட பிறகே பூச்சைத் தொட்டோம். நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். குழாய் வேலைச் செலவை மேலே உள்ள தொகையில் நான் சேர்க்கவில்லை.

செலவு கைமீறிப் போகும்போது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது சிமெண்ட்டைக் குறைப்பது. எனக்கும் தோன்றியது. ஒன்றுக்கு ஐந்து என்பதை ஒன்றுக்கு ஏழாக மாற்றினால் என்ன மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு அறைக்கும் சேர்த்து ஒன்றரை மூட்டைக்கும் குறைவு, அதாவது சுமார் 540 ரூபாய். ஏறக்குறைய 30,000 ரூபாய் வேலையில் 540 ரூபாய்க்காகச் சுவரின் பலத்தை விட்டுக்கொடுப்பது எந்த வகையிலும் பொருந்தாது. சிமெண்ட் விலையைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் 400 ரூபாய் மூட்டையில் அது ஏறக்குறைய 31 ரூபாய், என் அறைக்கு ஏழு மூட்டையில் 217 ரூபாய். மொத்தச் செலவில் சிமெண்ட்டின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ பாதி கூலிக்குத்தான் போயிருக்கிறது. ஆகவே நாள் கணக்கு சரியாக இருந்தால் செலவுக் கணக்கும் சரியாக இருக்கும். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நாளொன்றுக்கு உள்பூச்சில் சுமார் 100 சதுர அடி முடிப்பார்கள் என்பது எங்கள் அனுபவம். அதை வைத்துக்கொண்டு, கனம் கூடினால் எத்தனை நாள் கூடும் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கூலியை அடித்துப் பேசுவதைவிட, ஆட்கள் வந்து நிற்கும்போது மணல் இல்லை, தண்ணீர் இல்லை, மின்பணியாளர் வரவில்லை என்று அரைநாள் வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

இதற்கு மாறாக, சிமெண்ட் அதிகம் போட்டால் பூச்சு அதிகம் உறுதியாகும் என்று நினைப்பதும் தவறு. கலவை அளவுக்கு மேல் காரமாக இருந்தால் உலரும்போது அதிகம் சுருங்கி நரம்பு நரம்பாக வெடிக்கும். பளபளப்பு வர வேண்டும் என்று ஈரப் பூச்சின் மேல் காய்ந்த சிமெண்ட்டைத் தூவி இழைப்பதும் அதே வெடிப்பைத்தான் தரும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய இன்னும் பழைய வீடுகளில் வெறும் சிமெண்ட் பூச்சு சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அங்கே சுண்ணாம்பும் சேர்ந்த கலவை வேண்டும். அதற்கு அந்த வேலை தெரிந்த கொத்தனாரையே தேட வேண்டும். கூலியும் தனியாகப் பேச வேண்டும்.

மணலைப் பற்றி இரண்டு வார்த்தை. பூச்சுக்கென்றே நுண்ணியதாகத் தயாரிக்கும் மணலைப் பி சாண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். கட்டுமான எம் சாண்ட் கரடு அதிகம், சல்லடை போட்டே ஆளும் நேரமும் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறதென்று கிரஷர் தூசியை வாங்கினால் பூச்சு வெடிக்கும். ஈரமாக வரும் மணல் உப்பியிருக்கும். உலர்ந்தால் அளவு கணிசமாகக் குறையும். நான் இரண்டு முறை கால் கால் யூனிட்டாக வாங்கியதால் வண்டி வாடகையை இரண்டு முறை கொடுத்தேன். அரை யூனிட்டாக ஒரே தடவையில் இறக்கியிருந்தால் அந்த ஒரு வாடகை, ஏறக்குறைய 850 ரூபாய், மிஞ்சியிருக்கும்.

பூசி முடித்த பிறகு நீராற்றும் வேலை நம் பொறுப்பில் வருகிறது. குறைந்தது ஏழு நாள் சுவர் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். காலை, மதியம், மாலை என்று நானும் என் மனைவியும் வாளியும் குவளையுமாக நின்றோம். அதற்கு ஆள் வைத்தால் அதுவும் செலவுதான். தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊர்களில் அந்தத் தண்ணீருக்கும் கணக்கு வேண்டும். பூச்சு நன்றாக உலர ஒரு மாதமாவது விட்டுத்தான் சுவரை வழவழப்பாக்கும் பட்டியும் பெயிண்ட்டும் அடிக்க வேண்டும். ஆகவே வைகாசிக் கல்யாணத்துக்குப் பங்குனிக் கடைசியில் பூச்சைத் தொடங்குகிறவர்கள், பணம் கையில் இருந்தாலும் நாள் போதாமல் ஈரச் சுவரிலேயே பெயிண்ட் அடித்துவிட்டு, அடுத்த மழைக்கு அது உரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீராற்றத் தேவையில்லாத ஜிப்சம் பூச்சை இப்போது பலரும் சொல்கிறார்கள். உலர்ந்த உட்சுவருக்கு அது சரி. ஈரம் ஏறும் சுவருக்கும் குளியலறையை ஒட்டிய சுவருக்கும் ஆகாது; என் அறைக்கு அதைப் போட்டிருந்தால் இரண்டாம் முறையும் பூச வேண்டியிருந்திருக்கும்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. இனிமேல் தங்கள் பக்கங்களில் பூச்சுக்குச் சதுர அடி விலை வெளியிடும்போது, அது எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்கு, எந்தக் கலவைக்கு, புதுச் சுவருக்கா பழைய சுவருக்கா, கொத்துவதும் ரப்பிஷ் அகற்றுவதும் அதில் அடங்குமா என்ற நான்கையும் சேர்த்தே அச்சிட வேண்டும். இரண்டாவதாக, தங்கம், வெள்ளி, காய்கறி விலைகளை நாள்தோறும் தருவதைப் போல, சிமெண்ட் மூட்டை, பி சாண்ட் யூனிட், கொத்தனார் கூலி, ஆண், பெண் சித்தாள் கூலி ஆகியவற்றை மாவட்டவாரியாக மாதம் ஒருமுறையாவது வெளியிட வேண்டும். பொதுப்பணித் துறை தன் வேலைகளுக்கு ஆண்டுதோறும் விலை விகிதப் பட்டியல் வைத்திருக்கிறது. தனியார் வீட்டுக்காரருக்கு அப்படிக் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. பெண் சித்தாளின் கூலியைத் தனியே அச்சிடச் சொல்வதற்குக் காரணம், ஒரே சாரத்தடியில் ஒரே எடையைச் சுமக்கும் பெண்ணுக்குப் பல ஊர்களில் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்பதை எல்லாரும் எழுத்தில் பார்க்க வேண்டும் என்பதே.

எங்கள் முன்கட்டு அறையை ஐப்பசி மழை விட்ட பிறகு பூச வேண்டும். அதே கொத்தனாரைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்து, நான்கு சுவரிலும் குண்டு விட்டுப் பார்த்து, கனத்தைச் சுவருக்குச் சுவர் என் நோட்டில் அவர் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.